மீஞ்சூர் வயல்களில் உப்பு: மழை மட்டும் போதாது

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் வயலில் வெள்ளையாக உப்பு பூத்தால், மழைநீரைத் தேக்கி வடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெறும் மழைநீரால் மட்டும் கழுவினால் பல வயல்கள் முன்பைவிட மோசமாகும்.

இந்த உப்பு நிலத்தடி வழியே கடலிலிருந்து வருவது. நன்னீர் கடல்நீரைவிட லேசானது. நிலத்தடியில் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அது தள்ளி வைத்திருக்கும். சென்னை நகரக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அளவின்றி இறைத்ததில் அந்தத் தடுப்பு போனது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்புநீர், 1987இல் 9 கி.மீ. வரை வந்துவிட்டது.

கடலுப்பில் சோடியமே அதிகம். அது களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் உப்பு நிறைய இருக்கும்வரை துகள்கள் சேர்ந்தே இருக்கும். மழை உப்பைக் கழுவியதும், ஒட்டியிருக்கும் சோடியம் துகள்களைப் பிரித்துவிடும். அவை மண்ணின் துளைகளை அடைக்கும். தண்ணீர் இறங்காது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். உவர் நிலம் (உப்பு மிகுந்தது) களர் நிலமாவது (சோடியம் மிகுந்தது) இப்படித்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி, பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியைப் போட்டுக் கலக்காமல் சில மணி நேரம் விடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம். தெளிவாகவே இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், உப்பு அதை மறைத்திருக்கலாம். நீரை மெல்ல வடித்து, இரண்டு மூன்று முறை புது மழைநீர் மாற்றிப் பாருங்கள். பிறகு மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்: கார அமிலத்தன்மை (pH) 8.5க்கு மேல், பரிமாற்ற சோடியம் (மண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர்.

சோடியத்தை விரட்ட கால்சியம் வேண்டும், அதற்கு ஜிப்சம். அளவைப் பரிசோதனை முடிவுதான் சொல்ல வேண்டும், பக்கத்து வயலைப் பார்த்துப் போடக்கூடாது. ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.5 கிராம்தான் கரையும் என்பதால் பொடியாகத்தான் வாங்க வேண்டும். மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலந்து, செப்டம்பருக்குள் வரப்பை உயர்த்திவிடுங்கள். ஐப்பசி மழையைத் தேக்கி, சில நாள் நிறுத்தி வடியுங்கள். எவ்வளவு ஆழ மண்ணோ அவ்வளவு ஆழ நீர் உள்ளே இறங்கினால் உப்பில் சுமார் 80 சதவீதம் போய்விடும். வடிகால் இல்லாவிட்டால் இத்தனையும் வீண்: கரைந்த உப்பும் சோடியமும் அங்கேயே நின்று, வெயிலில் மறுபடி மேலேறும்.

அடுத்த ஆடிப் பட்டத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச்செடி) விதைத்து, 45ஆம் நாள் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். சம்பாவுக்குக் களரைத் தாங்கும் திருச்சி 3 நெல் ஏற்றது. கோடையில் நிலத்தை வெறுமனே விடாமல் வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். உப்பேறிய போர் தண்ணீரைப் பாய்ச்சினால் மட்டும் போட்ட ஜிப்சம் எல்லாம் வீணாகும்.