பன்னீர் திராட்சைக்கு ஆண்டீஸ் மலையில ஒரு தம்பி

கம்பம் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ரோட்டோரம் பன்னீர் திராட்சையைக் கூடையில வச்சு விப்பாங்க, ஒரு பழத்தை எடுத்து ரெண்டு விரலால அமுக்கினா சதை வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும், தோல் மட்டும் கையில நிக்கும். அடுத்த தடவை அந்தத் தோலைத் தூக்கிப் போடாம விரல்ல தேச்சு மோந்து பாருங்க. கல்யாண வீட்டு வாசல்ல தெளிக்கிற பன்னீர் வாசனை அதுல இருக்கும், பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க.

அதே வாசனை எனக்கு மறுபடி கிடைச்சது ஒரு வெள்ளை வைன்ல. அர்ஜென்டினாவோட வடமேற்குல சால்டா மாகாணம், அங்க ஆண்டீஸ் மலைப் பக்கம் காஃபயாதேன்னு ஒரு ஊரு, கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,700 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம கோத்தகிரி உயரம். அங்க விளையற டொரொன்டெஸ்ங்கிற திராட்சையில செஞ்ச வைனை நண்பர் ஒருத்தர் ஊத்திக் குடுத்தாரு. கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனதும் மல்லிகை, ரோஜா, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேந்து வருது, கண்டிப்பா இனிக்கும்னு நினைச்சு வாய்ல வச்சா இனிப்பே இல்ல, நல்ல புளிப்பு, முழுங்கினப்புறம் லேசா ஒரு கசப்பு. மூக்கு ஒண்ணு சொல்லுது நாக்கு ஒண்ணு சொல்லுது. அது ஏன்னு தேடப் போய்தான் இவ்வளவும் படிச்சேன்.

இந்த வாசனையே மலையால வருதுன்னு பல பேர் எழுதுறாங்க. எனக்கு அது பாதிதான் சரின்னு படுது. வாசனை வம்சத்துல வந்தது, மலை அதைக் கெடாம பாத்துக்குது.

டொரொன்டெஸ்ல மூணு வகை உண்டு, வாசனையில மேல நிக்கிறது ரியோஹானோ. டிஎன்ஏ சோதனை பண்ணிப் பாத்தப்ப அதோட பெத்தவங்க மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் கிரியோயா சிகாவும்னு தெரிஞ்சுது. ஸ்பெயின்காரங்க காலத்துல தென் அமெரிக்காவுக்குப் போன ரெண்டு கொடிங்க, அங்கயே கலந்து பொறந்த பிள்ளை இது. இப்ப கம்பத்துக்கு வாங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம பன்னீர் திராட்சையோட உலகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க், அதைப் பெத்ததுல ஒண்ணும் அதே மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாதான்! ஒண்ணு கருப்பு ஒண்ணு வெள்ளை, ஆனா அண்ணன் தம்பி முறை. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மஸ்கட் குடும்பத்துக்கே உள்ள சொத்து மோனோடெர்பீன்னு சொல்ற வாசனை மூலக்கூறுகள், சுருக்கமா டெர்பீன். லினலூல், ஜெரானியால், நெரால் இதெல்லாம். லினலூல் மல்லிகையில இருக்கு, கொத்தமல்லி விதையை நுணுக்கினா வர்ற மணத்துலயும் பெரும்பங்கு அதுதான். ஜெரானியால் ரோஜாவுல இருக்கறது, பன்னீர் ஞாபகம் வர்றது அதனாலதான். எல்லாத் திராட்சையும் இதைக் கொஞ்சம் செய்யும், மஸ்கட் வகையில டிஎக்ஸ்எஸ்னு ஒரு ஜீன்ல சின்ன மாற்றம் இருக்கறதால டெர்பீன் செய்யற பாதை வேகமா ஓடுது. லினலூலை ஒரு லிட்டர்ல சுமார் 25 மைக்ரோகிராம் இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சிரும்.

ஆனா பழத்துல இருக்கற டெர்பீன்ல பெரும்பகுதி சர்க்கரையோட ஒட்டிக் கெடக்கும், அப்ப அதுக்கு மணமே கிடையாது. மல்லிப்பூவை வாழை இலையில பொட்டலம் கட்டி வச்ச மாதிரின்னு வச்சுக்கங்க. சாறு நொதிக்கும்போது பழத்துலயும் ஈஸ்ட்லயும் இருக்கற என்சைம்கள் அந்தக் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அவுக்குது, வாசனை வெளிய வருது. அதே நேரம் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்திருது. அதனாலதான் வாசனை பூரா மிச்சம், இனிப்பு காலி. இந்த மணம் வந்தா பழம் இனிக்கும்னு நம்ம மூளைக்குப் பழகிப்போச்சு, அதான் ஏமாந்துடறோம்.

சரி, மலை என்ன பண்ணுது? திராட்சையில ரெண்டு புளிப்பு முக்கியம். ஒண்ணு டார்டாரிக், நம்ம வீட்டுப் புளியில இருக்கற அதே அமிலம். இன்னொண்ணு மாலிக், பச்சை ஆப்பிள் கடிச்சா வர்ற புளிப்பு. பழம் பழுக்கும்போது மாலிக் அமிலத்தை எரிச்சுத்தான் மூச்சு விடும், சூடு கூடக் கூட வேகமா எரியும். காஃபயாதேல கோடையில பகல் 30 டிகிரி கிட்ட இருந்தாலும் ராத்திரி 15ஐ ஒட்டி இறங்கிரும், ஏன்னா காத்து மெலிசு, வருசத்துக்கு மழையே சுமார் 200 மில்லிமீட்டர்தான், காத்துல ஈரம் கம்மி. ஈரம்தான் பூமிக்குப் போர்வை, அது இல்லாததால பகல்ல ஏறின சூடு பொழுது சாஞ்சதும் வானத்துக்குப் போயிருது. ராத்திரி குளிர்ல பழம் மெதுவா மூச்சு விடுது, புளிப்பு மிச்சமாகுது. இந்தப் புளிப்பு மட்டும் இல்லன்னா டொரொன்டெஸ் வெறும் சென்ட் தண்ணி மாதிரி திகட்டிரும், அது என் அபிப்பிராயம்.

வெயில் விசயம் கொஞ்சம் சிக்கல். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். காஃபயாதே இருக்கற கல்சாகி பள்ளத்தாக்குகள்ல 3,111 மீட்டர்ல கூட திராட்சை போட்டிருக்காங்க, தொட்டபெட்டாவை விட உசரம்! அளவான வெயில் பட்டா டெர்பீன் கூடும், பழம் சுட்டுச்சுன்னா குறையும், தோலும் கருகும். அதுக்கு அங்க உள்ளவங்க பழைய வழி ஒண்ணு வச்சிருக்காங்க, பர்ரால்னு பேரு, ஆள் உயரத்துக்குக் கொடியை மேல ஏத்திப் படர விட்டு குலை கீழ நிழல்ல தொங்கற மாதிரி. படத்தைப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு, அப்படியே நம்ம கம்பம் பந்தல்.

அந்தக் கடைசிக் கசப்புக்கும் காரணம் தோல்தான். டெர்பீன் நிறைய இருக்கறதும் தோல்ல, கசக்கற பினாலிக் பொருள் இருக்கறதும் தோல்ல. சாறைத் தோலோட ரொம்ப நேரம் ஊற விட்டா வாசனையோட கசப்பும் சேந்து எறங்கும், உடனே பிழிஞ்சா ரெண்டுமே கம்மி. அதனால செய்யறவங்க பல பேரு குளிர வச்சு சில மணி நேரம் மட்டும் ஊற வச்சுப் பிழிஞ்சுடறாங்க, அப்புறம் ஸ்டீல் டேங்க்ல குறைஞ்ச சூட்டுல நொதிக்க விடறாங்க, சூடு ஏறினா வாசனை கார்பன் டை ஆக்சைடோட சேந்து பறந்துரும்னு.

பாட்டில்ல அடைச்சப்புறமும் வேதியியல் நிக்காது. வைன்ல இருக்கற அதே அமிலம் லினலூலை மெல்ல மெல்ல ஆல்ஃபா டெர்பினியாலா மாத்திரும், அதோட மணம் நம்ம மூக்குக்கு அவ்வளவு சுலபமா எட்டாது. அதனால இதைப் பழசாக்கி வச்சுக் குடிக்கிற பழக்கம் இல்ல, ஒண்ணு ரெண்டு வருசத்துக்குள்ள நல்லாக் குளிர வச்சுத் தொறந்துருவாங்க, அந்த மல்லிகை இருக்கும்போதே.