கசின், க்யூரியூஸ் தீவுகளுக்குப் போகுமுன்: கால் வைக்கும் இடம் கவனம்

சீஷெல்ஸின் ப்ராலின் தீவில் தங்கினால், காலையில் கசின், மதியத்துக்கு மேல் க்யூரியூஸ் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். கசினுக்கு வார நாட்களில், அதுவும் காலையில்தான் அனுமதி. நீங்கள் போகும் படகு கரைக்கு வராது. கடலிலேயே தீவுக் காப்பாளர்களின் படகுக்கு மாற வேண்டும். காரணம், படகில் எலி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், தரையில் முட்டையிடும் பறவைகளின் கதை முடிந்தது. செருப்பு இடுக்கு, பையின் அடி எல்லாவற்றையும் முந்தைய இரவே உதறிவிடுங்கள், விதையும் எறும்பும் அங்கேதான் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. நனையாமல் இறங்க முடியாது. கேமராவுக்கு நீர் புகாத பை, உடம்புக்குக் கொசு விரட்டி.

பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும், 8 மடங்கு பைனாகுலரே அதிகம். சிக்கலும் அதுதான். வெண் ஆலா என்ற கடற்பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் கிளையில் சின்னக் குழியோ கணுவோ கிடைத்தால், ஒரே ஒரு முட்டையை அதில் வைத்து அடைகாக்கும். கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினால் விருட்டென்று எழும், முட்டை உருளும், கீழே அரணைகள் தயாராக இருக்கும். மொட்டைக் கிளையில் வெள்ளைப் பறவை வயிற்றைத் தாழ்த்தி அசையாமல் இருந்தால், அடியில் முட்டை என்றே எடுத்துக்கொண்டு நாலு எட்டு பின்வாங்குங்கள். அதற்கும் முன்னால் காலடியைப் பார்க்க வேண்டும். மரத்தடி வேரிடுக்கில் வெள்ளைவால் ட்ராபிக் பறவை அடைகாக்கும். பாதையை விட்டு விலகினால், ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை மண்ணில் தோண்டிய வளையின் கூரை உடைந்து குஞ்சு புதைந்துபோகும்.

மேலே நாடி (noddy) என்ற கடற்பறவைகள் கூடு வைத்திருக்கும் பிசோனியா மரம், நம் வீடுகளில் வளர்க்கும் லச்சக்கொட்டைக் கீரையின் இனம். அதன் பசை விதைகள் இறகில் அப்பிப் பறவை பறக்க முடியாமல் கிடப்பதுண்டு. நீங்களாகப் பிய்த்தெடுத்தால் இறகும் சேர்ந்து வரும், காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

சருகைக் கிளறும் கால்களைத் தேடி வரும் கறுப்புக் குருவி சீஷெல்ஸ் மேக்பை ராபின், நம்மூர்க் குண்டுக்கரிச்சானின் உறவு. 1960-களில் சீஷெல்ஸின் இன்னொரு தீவான ஃப்ரெகேட்டில் மட்டும் பதினைந்துக்கும் குறைவாக மிஞ்சியிருந்த இனம். 1994-95-இல் கசினுக்குக் கொண்டுவந்தார்கள். காலில் அடையாளத்துக்கு மாட்டிய வண்ண வளையம் இருந்தால் எந்தக் காலில், மேலிருந்து கீழாக என்ன நிறம் என்று காப்பாளரிடம் குறித்துக் கொடுங்கள்.

க்யூரியூஸில் இருப்பவை அல்டாப்ரா ராட்சத ஆமைகள். பெரிய ஆண் ஆமை 250 கிலோ வரை வரும். வெயில் ஏறினால் நிழலுக்குள் முடங்கிவிடும். நிழல் கிடைக்காத ஆமை உடல் சூடேறிச் செத்தே போகும். அதனால் மரத்தடி நோக்கி நடக்கும் ஆமையைச் சுற்றி நின்று படமெடுப்பது சாதாரணத் தொந்தரவு இல்லை. தலையை உள்ளிழுக்கும்போது வரும் 'உஸ்' சத்தம் கோபமல்ல, நுரையீரலிலிருந்து பிதுங்கும் காற்று. ஆனாலும் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். கழுத்துக்கு மேலே, ஓட்டின் முன்விளிம்பு நடுவில் ஒரு சின்னத் தகடு தெரியும். கலாபகஸ் ஆமைக்கு அது இருக்காது. ஓட்டில் உணர்ச்சி உண்டு, ஏறி உட்காராதீர்கள். தொட்டிருந்தால் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

ஆமை சுத்த சைவம் என்றும் நினைக்க வேண்டாம். ஃப்ரெகேட்டில் கீழே விழுந்த நாடிக் குஞ்சை ஒரு ஆமை துரத்திக் கொன்று தின்றது 2020-இல் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் குறுக்கே போகாமல், இடத்தையும் நேரத்தையும் காப்பாளரிடம் சொல்லுங்கள்.