டயலில் 300 மீட்டர், வைகையில் முழங்கால் தண்ணீர்

சித்ரா பௌர்ணமி முடிந்த மறுநாள் என் வாட்ச் ரிப்பேர் கடை ஷட்டரைத் தூக்கும்போதே எனக்குத் தெரியும், அன்றைக்கு வேறு வேலை ஓடாது. அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் நின்று, தோல் துருத்தியில் பீய்ச்சும் தண்ணீரில் நனைந்து வந்த கைகள் வரிசையாக நீளும். கண்ணாடிக்குள் ஆவி படிந்த வாட்ச்சுகள். இந்த வருஷம் எரிச்சலில் எண்ணியே வைத்தேன். மொத்தம் 11. அதில் 9 காப்பி, அதாவது பெரிய கம்பெனிப் பெயர் போட்ட போலி.

பன்னிரண்டாவதாக இரண்டு வாரம் கழித்து ஒன்று வந்தது. அதுதான் இதை எழுத உட்கார வைத்தது.

மேலூர்ப் பக்கத்துப் பெரியவர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கட்டிவிட்ட ரோலக்ஸ் சப்மரைனர் காப்பி. ஆற்றில் நனைந்த அன்றே நின்றுவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். "ஈரத்த அரிசி இழுத்துக்கிரும்னாய்ங்க தம்பி" என்றார். மூடியைத் திறந்தேன். சாவி, அதாவது பக்கவாட்டில் திருகுகிற குமிழ், அதன் தண்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, ஸ்க்ரூ தலையெல்லாம் செம்மண் நிறம். சாவி இடுக்கில் அரிசித் தவிடு வேறு.

"முன்னூறு மீட்டர்னு போட்டிருக்காமே. நான் முழங்கால் தண்ணியிலதான நின்னேன்?"

இந்தக் கேள்வியைத்தான் வருஷம் முழுக்கக் கேட்கிறேன். காலேஜ் பையன் கேட்கிறான், வக்கீல் கேட்கிறார், நகைக்கடை முதலாளி கேட்கிறார். அதனால் இதை மட்டும் நின்று நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

டயலில் இருப்பது மை. ஒரிஜினல் டயலில் 1000 அடி, 300 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. காப்பி அடித்தவன் முள்ளைக் காப்பி அடித்தான், கிரீடத்தைக் காப்பி அடித்தான், அந்த வரியையும் சேர்த்துக் காப்பி அடித்தான். அவ்வளவுதான். அந்த எழுத்து அந்த வாட்ச்சைப் பற்றிய சேதி இல்லை, வேறொரு வாட்ச்சைப் பற்றிய சேதி. பக்கத்து வீட்டுக்காரன் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து நம் பெயரை ஒட்டினால் நாம் பாஸாகிவிடுவோமா?

300 மீட்டர் ஆழம் என்றால் 30 பார் அழுத்தம். ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஏறத்தாழ 30 கிலோ ஏறி உட்காருகிற மாதிரி. ஆழ்கடல் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில், எழுதியிருக்கும் அளவைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். அதுவும் மாதிரிக்கு ஒன்று எடுத்து அல்ல, ஒவ்வொரு வாட்ச்சையும். ஒரிஜினலுக்கு அந்த எண்ணை எழுதும் உரிமை இப்படிச் சோதனையில் தேறித்தான் வருகிறது. செவன் ஏ, மாஸ்டர் காப்பி, ஃபர்ஸ்ட் காப்பி என்று தரம் சொல்லி விற்று உங்கள் கைக்கு வந்த எதையும் யாரும் ஒரு டம்ளர் தண்ணீரில்கூட முக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தண்ணீரைத் தடுப்பது மூன்று இடத்து வாஷர். கண்ணாடியைச் சுற்றி ஒன்று, பின்மூடிக்கு ஒன்று, சாவிக்குழாயில் ஒன்று. நான் திறக்கும் காப்பிகளில் பின்மூடி வாஷர் பெரும்பாலும் இருக்கும், ஆனால் நூல் மாதிரி. சாவிக்குள் பல நேரம் ஒன்றுமே இருக்காது. சாவி மரை போட்டு அழகாக இறுகும், ஒரிஜினல் மாதிரியே. பூட்டு தொங்குகிறது, கதவுதான் இல்லை. அந்த இடைவெளிக்கு 300 மீட்டர் எல்லாம் வேண்டாம். குழாயடியில் கை கழுவினாலே போதும்.

இதில் இன்னொரு வேடிக்கை. ரோலக்ஸின் ஆழ்கடல் மாடலான சீ-டுவெல்லர் காப்பி ஒன்று வந்தது, பக்கவாட்டில் ஹீலியம் வால்வோடு. அது 1960களில் ஆழ்கடலில் நாள்கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்காக வந்த சமாச்சாரம். அங்கே சுவாசிக்கும் ஹீலியம் வாட்ச்சுக்குள் நுழைந்துவிடும், மேலே ஏறும்போது அது வெளியேற வழி வேண்டும். காப்பியில் அது வெறும் பொட்டு, உள்ளே எதுவும் இல்லை. கட்டியிருந்த தம்பி தல்லாகுளத்திலிருந்து வந்தவர். வைகையில் ஹீலியத்துக்கு எங்கே போக?

ஒரிஜினல் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். வாஷர் ரப்பர்தான், வயதாகும். 30 மீட்டர் என்று போட்ட நல்ல கம்பெனி வாட்ச்கூட கை கழுவுவதற்கும் மழைத் தூறலுக்கும்தான். நீச்சல் என்றால் 100 மீட்டராவது வேண்டும். செல் மாற்ற ரோட்டோரத்தில் திறந்து அமுக்கி மூடினால் அந்தக் கணக்கும் போச்சு.

என் அப்பா காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஹெச்எம்டி ஜனதா கட்டியவர்கள் குளிக்கப் போனால் கழற்றி மாடத்தில் வைப்பார்கள், வயலில் இறங்கினால் மடியில் முடிவார்கள். 1961இல் ஜப்பான் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் ஹெச்எம்டி ஆரம்பித்த வாட்ச் ஃபேக்டரியின் வழி வந்தது. இன்றைக்கும் உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்து அந்த வாட்ச் சர்வீஸுக்கு வருகிறது, ஆயில் போட்டால் ஓடுகிறது. காப்பி வாட்ச்சுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உள்ளே சில நேரம் ஜப்பான் மியோட்டா கம்பெனி மெஷின் இருக்கும், அதிர்ஷ்டம். பல நேரம் பெயரே இல்லாத சீன மெஷின். தனி பார்ட்ஸ் கிடைக்காது, முழு மெஷினையும் மாற்ற வேண்டியதுதான். "ஒரே ஃபேக்டரிதான்ணே, லேபிள் மட்டும்தான் வேற" என்று என்னிடமே வந்து விளக்குகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. மூடியைத் திறந்து காட்டிவிடுகிறேன்.

நான் காப்பி கட்டுகிறவர்களை ஏளனம் செய்யவில்லை. ஐந்தாறு லட்சத்துக்கு மேல் வாட்ச் வாங்க எத்தனை பேரால் முடியும்? ஆனால் டஜன் கணக்கில் வரவழைத்து வாட்ஸ்அப்பில் விற்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 1999ஆம் வருஷத்து வணிகக் குறிகள் சட்டப்படி போலி முத்திரைப் பொருளை விற்றால் 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். "காப்பினு சொல்லித்தாண்ணே விக்கிறேன்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

சரி, கையில் இருப்பதைக் காப்பாற்றுவது எப்படி?

வாட்ச்சுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா, அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள். நாளைக்கு இல்லை, அன்றைக்கே. போகிற வரை சாவியை வெளியே இழுத்து வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, ராத்திரி குளிர்ந்ததும் அதே மெஷின் மேல் மறுபடி இறங்கும். அரிசி சோறாக்குவதற்கு. தயவுசெய்து அதை வாட்ச்சுக்குப் போடாதீர்கள்.

தேதியை ராத்திரி 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் நடுவில் திருகி மாற்றாதீர்கள், தேதிப் பல்லு உடையும். ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென்று நாளைக்குப் பத்து நிமிஷம் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம். செல்போன் கவரில் இருக்கும் காந்த மூடி மேல் ராத்திரி வாட்ச்சை வைத்திருப்பீர்கள். காந்தம் எடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இதற்கெல்லாம் மெஷின் மாற்றச் சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். செல் வாட்ச்சை மாதக்கணக்கில் பீரோவில் போடுவதானால் செல்லை எடுத்துவிட்டுப் போடுங்கள். செத்த செல் கசிந்தால் மெஷினையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

ஸ்டிராப் விஷயத்தில்தான் எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல். மதுரை வெயிலுக்குத் தோல் ஸ்டிராப்பை ஒரே நாளில் பதினைந்து மணி நேரம் கட்டினால் அது ஸ்டிராப் இல்லை, ஈரத்துணி. ராத்திரி கழற்றிக் காற்றாட வையுங்கள், மறுநாள் வேறு ஒன்று கட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். கறுத்துப் போகும், பிசுக்கில் அழுக்கு ஒட்டும். காப்பியோடு வரும் "ஒரிஜினல் லெதர்" பெரும்பாலும் அட்டை மேல் ஒட்டிய ரெக்சின். மடங்குகிற இடத்தில் உரிய ஆரம்பித்தால் அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றுங்கள். வாங்கும்போது ஸ்டிராப் மாட்டுகிற இரண்டு காதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து கேளுங்கள், 20 மில்லிமீட்டரா 22ஆ என்று. 20க்குள் 22ஐ நசுக்கித் திணித்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கிறது.

செயின் என்றால் பழைய டூத்பிரஷ், கொஞ்சம் சோப்பு. ஆனால் செயினை வாட்ச்சிலிருந்து கழற்றிவிட்டு. மேலே இவ்வளவு சொன்ன பிறகும் வாட்ச்சோடு சேர்த்துக் கழுவினால் நான் என்ன செய்ய? அப்புறம், ஸ்டிராப்பைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின். பெரிய வாட்ச் விழுந்து உடைவதற்குச் சின்னப் பின்தான் காரணம். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒரு டீ, வடைக் காசுதான்.

மணிக்கட்டில் வட்டமாகச் சிவந்து அரித்தால் அதை வேர்க்குரு என்று பவுடர் போட்டு மறைக்காதீர்கள். முலாம் தேய்ந்து அடியில் இருக்கும் நிக்கல் தோலில் படுகிறது. வியர்வை அதைக் கரைத்து உள்ளே அனுப்பும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது, பிறகு பெல்ட் பக்கிளும் கவரிங் நகையும்கூட அரிக்கும். வாட்ச்சைக் கழற்றுங்கள், தோல் டாக்டரைப் பாருங்கள். என்னிடம் ஆயின்ட்மென்ட் கேட்காதீர்கள். கேட்டிருக்கிறார்கள்.

மேலூர்ப் பெரியவருக்கு மெஷினை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் ஆற்றுக்குப் போனால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் ஐயா என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

"வீட்டுல வச்சிட்டுப் போனா, மகன் வாங்கிக் குடுத்ததுன்னு யாருப்பா பாப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேஜை டிராயரிலிருந்து ஜிப் வைத்த சின்னப் பாலிதீன் கவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கரை வரைக்கும் கையில் கட்டிக்கொண்டு போங்கள், இறங்கும் முன் இதில் போட்டு அமுக்கி மூடிச் சட்டைப் பையில் வையுங்கள் என்றேன். கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார்.

"இதுல எத்தனை மீட்டர்னு போடலையே தம்பி" என்றார்.