கிளையண்ட் சைட்டில் அப்டேட் கொடுக்கத் தயங்குகிறீர்களா?

வேர்ட்பிரஸ் (சைட் உருவாக்க உதவும் மென்பொருள்) சைட்டுக்கு ரெடிமேட் தீம், அதாவது சைட்டின் தோற்றத்தைத் தரும் தயார் ஃபைல் தொகுப்பு வாங்கி, கிளையண்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. சின்னக் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக் கொடுத்தால் அந்தச் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. என் கவலை வேறு. ஒப்படைத்த பிறகு அந்த சைட் எப்படி அப்டேட் ஆகும் என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

வேறொருவர் செய்து கொடுத்த மண்டபத்து சைட் ஒன்று சமீபத்தில் என்னிடம் வந்தது. வேர்ட்பிரஸ் டாஷ்போர்டில் தீமுக்கு அப்டேட் வந்திருப்பதைப் பார்த்து மேனேஜர் அழுத்தியிருக்கிறார். அவர் செய்தது சரிதான். ஆனால் மேலே இருந்த போன் நம்பர், வாட்ஸ்அப் பட்டன், வாடகை விவரம் எல்லாம் போய், அடியில் தீம் கம்பெனியின் பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. அத்தனை மாற்றமும் தீமின் சொந்த ஃபைல்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அப்டேட் கொடுத்தால் பழைய ஃபோல்டர் அழிந்து புதியது வரும். உள்ளே நாம் எழுதியதும் சேர்ந்தே அழியும்.

இதற்குத்தான் சைல்டு தீம் இருக்கிறது. வாங்கிய தீமை (தாய் தீம்) தொடாமல், நம் மாற்றங்களை மட்டும் தனியே வைக்கும் துணைத் தீம் அது; தாய் தீம் அப்டேட் ஆனாலும் அழியாது. தனி ஃபோல்டர், அதில் ஒரு ஸ்டைல்.சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கான கோட்) ஃபைல், அதன் தலைப்பில் 'டெம்ப்ளேட்' என்ற வரிக்கு எதிரே தாய் தீமின் ஃபோல்டர் பெயர். அடிப்படை இவ்வளவுதான். ஆனால் அதை முதல் நாளே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றும் வேர்ட்பிரஸ் பக்கம்) வைக்கும் நிறம், லோகோ, கூடுதல் சிஎஸ்எஸ் எல்லாம் அப்போது எந்தத் தீம் ஓடுகிறதோ அதன் பெயரில்தான் டேட்டாபேஸில் சேரும். பாதி வேலைக்குப் பிறகு சைல்டுக்கு மாறினால் அவற்றை மறுபடி உட்கார்ந்து வைக்க வேண்டும்.

தாய் தீமின் டெம்ப்ளேட் ஃபைல்களை (பக்க அமைப்பை எழுதிய ஃபைல்கள்) அள்ளி சைல்டுக்குள் போடுவதும் ஆபத்து. தாய் தீமில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தாலும் நம்மிடம் உள்ள நகல் பழையபடியே இருக்கும். ஹுக் (ஃபைலை மாற்றாமல் நம் கோடை இணைக்கத் தீம் விட்டிருக்கும் இடம்) போட்டு முடிகிற வேலைக்கு ஃபைலைத் தொடாதீர்கள். ஆன்லைன் கடை என்றால் வூகாமர்ஸின் (வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் ப்ளகின்) ஸ்டேட்டஸ் பக்கத்தை அவ்வப்போது திறந்து பாருங்கள். எந்த நகல் பழசாகிவிட்டது என்று அங்கே காட்டும்.

தீமோடு சேர்ந்து வரும் ப்ளகின்கள்தான் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) என்னை அதிகம் பயமுறுத்துபவை. நகரும் படங்களைக் காட்டும் ஸ்லைடர் ரெவல்யூஷன் ப்ளகின் பல தீம்களுக்குள் வைத்தே விற்கப்பட்டது. தனி லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு அதன் அப்டேட் நேராக வராது. தீம் கம்பெனி அனுப்பினால்தான் உண்டு. தங்கள் சைட்டில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. 2014 டிசம்பரில் அதன் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் சோக்சோக் மால்வேர் புகுந்தது. கூகுள் 11,000க்கும் மேற்பட்ட டொமைன்களைத் தடுப்புப் பட்டியலில் வைத்தது. பயன்படுத்தாத ப்ளகினை டிஆக்டிவேட் செய்துவிட்டு அப்படியே விடாதீர்கள், அழித்துவிடுங்கள். 'நல்டு' தீம் (லைசென்ஸை உடைத்து இலவசமாகத் தரும் திருட்டு நகல்) பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: வேண்டவே வேண்டாம். டபிள்யூபி-விசிடி மால்வேர் பரவியதே அவற்றின் வழியாகத்தான்.

லைசென்ஸைக் கிளையண்டின் கணக்கிலேயே வாங்க வையுங்கள். தீம் விற்கும் தளமான தீம்ஃபாரஸ்டின் ரெகுலர் லைசென்ஸ் ஒரு சைட்டுக்குத்தான். ஒரே பர்ச்சேஸ் கோடை (வாங்கியதற்கான அடையாள எண்) நாலு பேருக்குப் போடுவது தவறு. டெமோவில் (தீம் விற்பவர் காட்டும் மாதிரி சைட்) பார்க்கும் படங்களும் பெரும்பாலும் அந்த விலையில் அடங்காது.

தமிழ் சைட் என்றால் இன்னொன்றும் உண்டு. டெமோவில் பளிச்சென்று தெரியும் பாப்பின்ஸ், மான்செராட் ஃபாண்டுகளில் தமிழ் எழுத்தே கிடையாது. பிரவுசர் கைக்குக் கிடைத்த ஃபாண்டைப் போட்டு ஒப்பேற்றும். முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். தலைப்புக்கு வரி உயரம் 1.2 என்று தீம் வைத்திருந்தால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்; நான் 1.5க்குக் குறைய விடுவதில்லை. 'புக் நவ்' அடங்கிய பட்டனில் 'முன்பதிவு செய்யுங்கள்' அடங்காது, இரண்டு வரியாக உடையும். அதனால் கிளையண்டுக்கு டெமோவைக் காட்டும் முன்பே அவருடைய உண்மையான மெனு வாசகங்களை வாங்கிப் போட்டு, சின்னத் திரை போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.