ஸ்னாப்: தீம் பார்க் ரசிகர்களின் மேட்டிமை

“ஓ, ஃப்ளோரிடா டிஸ்னிக்குத்தான் போனீர்களா?”

தீம் பார்க் ரசிகர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால், அதன் விஷம் ‘தான்’ என்கிற அந்த இரண்டெழுத்தில் இருக்கிறது. போனது தப்பு என்று கேட்பவர் சொல்லவில்லை. போனதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்தக் குணத்தை ஆங்கிலத்தில் ஸ்னாபரி என்பார்கள். அது உள்ளவர் ஸ்னாப். தமிழில் பேசும்போதும் எழுதும்போதும் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். ஆனால் பலர் அதை வெறும் ‘பந்தா’ என்ற பொருளிலோ, வெறும் ‘போட்டி’ என்ற பொருளிலோ கையாள்கிறார்கள். இரண்டும் பொருந்தாது.

போட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நல்ல இடம். வால்ட் டிஸ்னி வேர்ல்ட் அங்கே 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. சினிமா ஸ்டூடியோவை மையமாக வைத்த பூங்கா ஒன்றை டிஸ்னி 1989 மே 1 அன்று திறந்துவிட, அதே யோசனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த யுனிவர்சலின் பூங்கா 1990 ஜூன் 7 அன்றுதான் திறந்தது. திறந்த அன்றே அதன் பெரிய ரைடுகள் மக்கர் செய்தன. சுறா வந்து பயமுறுத்தும் ‘ஜாஸ்’ ரைடை மூடி, திரும்பக் கட்டி, 1993-ல்தான் மறுபடி ஓட்டினார்கள். டிஸ்னி ரசிகர்கள் அந்தக் கதையை இன்னும் விட்டபாடில்லை. 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதி திறந்ததும் யுனிவர்சல் ரசிகர்களின் முறை வந்தது. 2025 மே மாதம் யுனிவர்சலின் இன்னொரு பூங்காவான எபிக் யுனிவர்ஸ் திறந்தபோது அவர்கள் குரல் இன்னும் உயர்ந்தது. “உங்களுடையது எல்லாம் வெறும் திரை, படம் பார்க்கவா அவ்வளவு தூரம் வர வேண்டும்?” என்று டிஸ்னி பக்கம். “உங்களுடையது குழந்தைகளுக்கு” என்று யுனிவர்சல் பக்கம்.

இதுவரை நடந்தது போட்டி. ‘எங்கள் பூங்கா உங்கள் பூங்காவைவிட மேல்’ என்று சொல்கிறவர் எதிராளியைச் சமமாக வைத்துத்தான் மல்லுக்கு நிற்கிறார். ‘இதையெல்லாம் ரசிக்கிற ஆளா நீங்கள்’ என்று ஒருவர் புருவத்தை உயர்த்தும்போது ஸ்னாபரி தொடங்குகிறது. அங்கே பூங்கா ஒரு சாக்கு. எடை போடப்படுவது மனிதர்.

இனி சொல்லின் பூர்விகம். ஸ்னாப் என்ற ஆங்கிலச் சொல் 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுத்தில் தென்படுகிறது. அப்போது அதற்குப் பொருள் செருப்புத் தைப்பவர், அல்லது அவரிடம் வேலை பழகும் பையன். அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடயம் இல்லை. லத்தீனில் ‘சினே நோபிலிடாட்டே’, அதாவது ‘உயர்குடிப் பிறப்பு இல்லாதவர்’ என்று கல்லூரிப் பதிவேட்டில் சுருக்கமாக எழுதிவைத்தார்கள், அதிலிருந்துதான் ஸ்னாப் பிறந்தது என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. கேட்க ஜோராக இருக்கிறது. ஆதாரம் ஒன்றும் இல்லை. எந்தச் சொல்லுக்கும் லத்தீனில் ஒரு தாத்தாவைத் தேடித் தருவதும் ஒருவகை ஸ்னாபரிதான்.

அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தைச் சேராத உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் அவர்களுக்கு ஸ்னாப்கள். பிறகு அது பொதுவாகக் கீழ்த்தட்டு மனிதரைக் குறித்தது. கவனித்தீர்களா? இதுவரை ஸ்னாப் என்பவர் ஏளனத்துக்கு ஆளானவர். ஏளனம் செய்தவர் அல்லர்.

இதைத் திருப்பிப் போட்டதில் பெரும் பங்கு கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரேவுக்கு. ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழில் 1846, 47 ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஸ்னாப்களைப் பற்றித் தொடர் எழுதினார். 1848-ல் அது நூலானது. அவருடைய ஸ்னாப், அற்பமானவற்றை அற்பத்தனமாக வியக்கிறவர். பிரபுக்களைப் பார்த்து வாயைப் பிளப்பவர், அவர்கள் நடையையும் உடையையும் காப்பியடிப்பவர். மேலே இருப்பவரை அண்ணாந்து பார்க்கிறவர் கீழே இருப்பவரைக் குனிந்து பார்க்கத்தானே செய்வார்? 20-ம் நூற்றாண்டில் அந்த இரண்டாம் பாதியே முழுப்பொருள் ஆகிவிட்டது. பிறப்பு, பணம் என்று இருந்தது பிறகு ரசனைக்கும் நீண்டது. இசை, காபி, கேமரா என்று எதிலும் ஸ்னாப் உண்டு. தீம் பார்க்கிலும்.

தாக்கரே சொன்ன பழைய பொருளும் இன்றைய பொருளும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் டிஸ்னி ரசிகர்களின் உட்பூசலுக்குப் போக வேண்டும். வெளியாளுக்கு எல்லாம் ஒரே டிஸ்னி. உள்ளே படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்தது. வால்ட் டிஸ்னி அங்கே நடந்திருக்கிறார். மெயின் ஸ்ட்ரீட் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் அவருக்கென்று ஒரு சிறு குடியிருப்பு இருந்தது. அந்த ஜன்னலில் அவர் நினைவாக ஒரு விளக்கை இன்றும் எரியவிடுகிறார்கள். ஃப்ளோரிடாவுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 1966 டிசம்பரில் வால்ட் இறந்து ஏறக்குறைய 5 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பூங்கா திறந்தது. ஃப்ளோரிடாக்காரர் பரப்பளவைச் சொல்வார், கோட்டையைக் காட்டுவார். அங்குள்ள சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி. அனஹைமில் இருக்கும் ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டை 77 அடி. கலிஃபோர்னியாக்காரர் அசர மாட்டார். “பெரிசாகக் கட்ட யாராலும் முடியும். வால்ட் நின்ற இடம் எது?” என்பார். 77 அடிக் கோட்டையில் நின்றுகொண்டே 189 அடிக் கோட்டையைக் குனிந்து பார்க்க முடிகிறது பாருங்கள்! வால்ட் பெயரைச் சொல்லும்போது அண்ணாந்த முகம், ஃப்ளோரிடா பக்கம் திரும்பும்போது தாழ்கிற கண். தாக்கரேயின் ஸ்னாபும் இன்றைய ஸ்னாபும் ஒரே உடம்பில்.

இவர்கள் இருவரையும் ஒரு வாக்கியத்தில் வாயடைக்க வைப்பவர் மூன்றாமவர்: “டிஸ்னிசீ பார்த்திருக்கிறீர்களா?” 2001-ல் டோக்கியோ அருகே திறந்த பூங்கா அது. நடத்துவது டிஸ்னி அல்ல, உரிமம் பெற்ற ஓரியன்டல் லேண்ட் என்கிற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னி நடத்தாத பூங்காதான் டிஸ்னி பூங்காக்களிலேயே சிறந்தது என்று சொல்ல முடிகிறவருக்கு மேல் படி ஏது?

ரோலர் கோஸ்டர் பிரியர்கள் தனி இனம். அமெரிக்காவில் அவர்களுக்கு 1978 முதல் முறையான சங்கமே இருக்கிறது. ஏறிய ஒவ்வொரு கோஸ்டருக்கும் ஒரு ‘கிரெடிட்’. இந்தக் கணக்கைக் கூட்டுவதற்காகக் குழந்தைகளுக்கான குட்டி கோஸ்டரில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருகிற பெரியவர்கள் உண்டு. குழந்தை கூட வந்தால்தான் ஏற்றுவோம் என்று சில பூங்காக்கள் சொல்லும், அப்போது முகம் வாடிவிடும். இரட்டைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் பந்தயம் ஓடினால் அது ஒரு கிரெடிட்டா, இரண்டா என்பதில் பெரிய வழக்கே நடக்கும். இருக்கையிலிருந்து உடம்பு எழும்பும் நொடிக்கு ‘ஏர்டைம்’ என்று பெயர். அந்த வார்த்தை தெரியாமல் “வயிற்றில் ஜிவ்வென்று இருந்தது” என்று சொன்னால் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் ‘ஜி.பி.’ ஜெனரல் பப்ளிக், அதாவது பொதுஜனம். கோஸ்டர் பிரியர்கள் மற்ற மனிதகுலத்துக்கு வைத்திருக்கும் பெயர் இது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஊர்க்காரர்களை ஸ்னாப் என்று சொன்ன அதே வேலையை இந்த இரண்டெழுத்துச் சுருக்கம் செய்கிறது. உயரத்தை மட்டும் பார்த்து ரைடை மெச்சுகிறவர் ஜி.பி.; தலைகீழாகப் போகிறதா என்று முதலில் கேட்பவர் ஜி.பி.; எந்த நிறுவனம் கட்டிய கோஸ்டர் என்று தெரியாமலே ஏறி, தெரியாமலே சந்தோஷமாக இறங்குகிறவர் ஜி.பி.தான். பூங்காவுக்குக் காசு வருவதே இந்த ஜி.பி.யிடமிருந்துதான், அந்தப் பணத்தில்தான் அடுத்த கோஸ்டர் எழும்புகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

இதற்குத் தலைகீழான ஒரு வகையும் உண்டு. அலங்காரம், கதை, கோட்டை என்றாலே முகம் சுளிப்பவர்கள். பென்சில்வேனியாவில் க்னோபெல்ஸ் என்றொரு பூங்கா: நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு கிடையாது. டெக்சாஸில் மூடிக்கிடந்த பழைய மரக் கோஸ்டர் ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தி, 1985-ல் ‘ஃபீனிக்ஸ்’ என்ற பெயரில் ஓடவிட்டார்கள். அருமையான இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் “எனக்கு டிஸ்னியெல்லாம் ஒத்துவராது, நான் க்னோபெல்ஸ்காரன்” என்று ஒருவர் சொல்லும் தொனியில் எளிமையே நகையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதை ‘இன்வர்டட் ஸ்னாபரி’ என்பார்கள். தமிழில் தலைகீழ் மேட்டிமை என்றாலே போதும்.

மேட்டிமை என்ற சொல்லை இங்கே கொண்டுவந்துவிட்டேன். அதன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னாபரிக்குத் தமிழில் பல சொற்கள் பக்கத்தில் வந்து நிற்கின்றன. பந்தா என்பது வெளிக்காட்டல். எதிரே ஆள் இருந்தால் போதும், அவர் கீழானவர் என்று நினைக்க வேண்டியதில்லை. பீற்றல் வாயோடு நின்றுவிடும். தலைக்கனம் தன்னைப் பற்றியது. தலைக்கனம் பிடித்தவர் மற்றவரை மறந்தே போயிருப்பார். ஸ்னாபுக்கோ மற்றவர் கட்டாயம் வேண்டும். இளக்காரம் மிக அருகில் வருகிறது, அந்த ‘தான்’ இளக்காரம்தான், ஆனால் அது ஒரு பார்வை, ஒரு தொனி. மேல் கீழ் என்ற முழு ஏணியும் அதில் தெரிவதில்லை.

மேட்டிமையில் தெரிகிறது. சொல்லுக்குள்ளேயே மேடு கேட்கிறது. மேட்டில் நிற்பதும் பள்ளத்தைப் பார்ப்பதும் சேர்ந்தே வருகின்றன. புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. ‘விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை’ என்று தமிழ் விவிலியத்தின் நீதிமொழிகளில் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் அகந்தை. இன்று ‘மேட்டிமைத்தனம்’ என்று எழுதும்போது அந்த அகந்தையோடு, தன் வட்டத்தை உயர்த்திப் பிடிப்பதும் சேர்ந்துகொள்கிறது. எனவே ஸ்னாபரிக்கு மேட்டிமை, ஸ்னாபுக்கு மேட்டிமைக்காரர். மேட்டுக்குடி என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். அது பணமும் வர்க்கமும் பற்றியது. கிரெடிட் கணக்குப் பார்த்துச் சம்பளத்தையெல்லாம் கோஸ்டரில் கரைத்தவர் மேட்டுக்குடி அல்ல, ஆனால் முழு மேட்டிமைக்காரராக இருக்கலாம்.

ரசிகர்கள் விஷயத்தில் மட்டும் ‘ரசனைச் செருக்கு’ இன்னும் கச்சிதம் என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என்பது ‘ஃபனாட்டிக்’கின் சுருக்கம்; அதன் வேர் கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘ஃபானும்’. சாமி வந்து ஆடுகிற வெறியர்தான் ஃபேன். நம் ரசிகரோ ரசத்தை, சுவையை அறிந்தவர். (காற்று வீசும் ஃபேனை நினைத்து வேடிக்கையாக உண்டான ‘விசிறி’ இதில் சேராது.) ஆங்கில ஃபேன், “நான் உன்னைவிடப் பெரிய பக்தன்” என்றுதான் சொல்ல முடியும். ரசிகர் என்ற சொல்லிலோ “எனக்குச் சுவை தெரியும், உனக்குத் தெரியாது” என்கிற வாதம் ஏற்கெனவே விதையாகக் கிடக்கிறது. ஜி.பி. என்று சொல்கிறவர் செய்வது இதைத்தான்.

இந்தச் செருக்கைப் பூங்கா நிறுவனங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பது வேறு கதை. ஒஹையோவில் சீடர் பாயின்ட் ரசிகர்களும் கிங்ஸ் ஐலண்ட் ரசிகர்களும் முட்டிக்கொள்வார்கள்: அங்கே 310 அடி உயர மில்லேனியம் ஃபோர்ஸ், இங்கே 7,361 அடி நீளமுள்ள, உலகிலேயே நீளமான மரக் கோஸ்டரான பீஸ்ட். 2006 முதல் இரண்டும் ஒரே நிறுவனத்தின் சொத்து. கோஸ்டர் எண்ணிக்கையில் சீடர் பாயின்ட்டுக்கு நெடுநாள் எதிரி கலிஃபோர்னியாவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுன்டன். 2022-ல் அது 20-ஐத் தொட்டது. 2024 ஜூலை 1 அன்று சீடர் பாயின்ட்டின் நிறுவனமும் சிக்ஸ் ஃப்ளாக்ஸும் இணைந்ததில் அந்த எதிரியும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டது. லாபம் ஒரே பெட்டியில் விழுகிறது. ரசிகர்களின் கணக்கு மட்டும் தனித்தனியாகவே ஓடுகிறது.

தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்ள நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்தில் ‘ஸ்னாப்’ என்றால் படம் எடுப்பதும் ஸ்னாப், விரல் சொடுக்குவதும் ஸ்னாப், இவரும் ஸ்னாப். “தீம் பார்க்கில் ஒரு ஸ்னாப் பார்த்தேன்” என்று எழுதினால், படத்தை அனுப்புங்கள் என்று பதில் வரும். “மேட்டிமைக்காரர் ஒருவரைப் பார்த்தேன்” என்று எழுதினால், எந்தப் பூங்காக்காரர் என்று மட்டும்தான் கேட்பார்கள்.