எக்ஸ்ரே அறையில் வேலையா? டோஸ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் ஸ்கேன் சென்டரிலும் சின்ன ஆஸ்பத்திரியிலும் எக்ஸ்ரே எடுப்பவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஓர் இடம் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். மாறும்போது அனுபவச் சான்றிதழை விடாமல் நச்சரித்து வாங்கிவிடுவார்கள், ஆனால் டோஸ் ரிப்போர்ட் என்று ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகம் வராது.

அது உங்கள் உரிமை. 2004-இல் வந்த அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி, டோஸ் ரிப்போர்ட்டை, அதாவது உங்கள் உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் (டோஸின்) கணக்கை, முதலாளி வருடத்துக்கு ஒருமுறை தர வேண்டும், நீங்கள் கேட்டால் எப்போது வேண்டுமானாலும் தர வேண்டும், வேலையை விட்டு நிற்கும்போதும் தர வேண்டும். புதிதாகச் சேர்த்துக்கொள்கிற இடமும் பழைய இடத்தின் கணக்கை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். காரணம், வரம்பே பல வருடங்களைச் சேர்த்துத்தான்: தொடர்ந்து 5 வருடங்களின் சராசரி, வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது, அதில் எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. (பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 தான்.) தஞ்சாவூரில் வாங்கியதை மன்னார்குடிக்காரர் பார்க்கவில்லை என்றால் இந்தக் கூட்டலே நடக்காது. ஒன்று கவனியுங்கள், உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்க நீங்கள் மாட்டிக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜுக்கான பணியாளர் எண் ஆயுசுக்கும் ஒன்றுதான், இடம் மாறினால் பழைய எண்ணைச் சொல்லுங்கள், புது எண் வாங்காதீர்கள்.

சரி, பேட்ஜை ஒழுங்காகப் போடாவிட்டால் அந்த ரிப்போர்ட் வெறும் காகிதம். அதற்குள் இருப்பது கால்சியம் சல்பேட் கலந்த மூன்று வட்டத் தகடுகள். கதிர்வீச்சைச் சேர்த்துவைத்து, ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடும். பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நெஞ்சில், லெட் ஏப்ரானுக்கு (கதிரைத் தடுக்கும் ஈய அங்கிக்கு) உள்ளே போட வேண்டும். எக்ஸ்ரே அறையிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் உங்கள் கணக்கில் அந்த அறையின் டோஸ் ஏறும், மேசை டிராயரில் வைத்தால் ஒன்றுமே ஏறாது, இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் ரிப்போர்ட் அழகாக இருக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரிலும் வைக்காதீர்கள், பேட்ஜுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது.

வார்டுக்கு போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷின் வந்தால் நர்ஸ் அக்காக்கள் ஓடுவதும், ஆயாம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இரண்டுமே வேண்டாதது. மெஷினை அணைத்தால் கதிர் அங்கேயே முடிந்தது, காற்றில் எதுவும் தங்காது. மெஷின் ஓடுகிற சில நொடிகளில் தூரம்தான் காப்பு: தூரம் இரட்டித்தால் டோஸ் கால்வாசி. அதனால் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஏப்ரான் போட்டுக்கொண்டு பிடியுங்கள், தினமும் ஒரே ஆளைப் பிடிக்கச் சொல்வது தவறு.

கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள், ஒளிக்காதீர்கள். சொன்ன நாளிலிருந்து பிரசவம் வரை வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு, அதற்கேற்ப வேலையை மாற்றித் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.

ரிப்போர்ட்டை முதலில் உங்கள் இடத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம், அதாவது ஆர்.எஸ்.ஓ.விடம், எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதலாம், அதில் பேட்ஜின் பணியாளர் எண்ணையும் வேலை செய்த காலத்தையும் குறிப்பிட மறக்காதீர்கள்.