கோரைப்பல் காதலனும் தொங்குபாலமும்

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 46. மகள் நூலகத்தின் இளையர் பிரிவிலிருந்து எடுத்துவந்து பாதியில் போட்டுவிட்ட ரத்தக்காட்டேரிக் காதல் நாவலை, சும்மா புரட்டலாமே என்று ரயிலில் கையில் எடுத்தாராம். இப்போது நான்காவது பாகம் ஓடுகிறது. "பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பையன் இருட்டில் அவள் பின்னால் வந்து நின்றால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ரெண்டு பக்கம் தள்ளி அவன் கையைத் தொட்டால் எனக்கே காதல் வந்த மாதிரி இருக்கிறது. ஏன்? படுக்கையில் படித்தால் தூக்கம் கெடுமா?"

கேள்வியின் முதல் பாதி பள்ளிப் பாடம்தான். ஆபத்து என்று மூளையின் அமிக்டலா எச்சரித்ததும் உடம்பை அவசரத்துக்குத் தயார்செய்யும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இது வெறும் கதை என்று மூளையின் முன்பகுதிக்கு நன்றாகத் தெரிந்தாலும் படபடப்பு முழுதாக அடங்குவதில்லை. என் மனைவி சோபாவில் சாய்ந்து ஒரு துரத்தல் காட்சி படித்துக்கொண்டிருந்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: நாடித்துடிப்பு 68-லிருந்து 83-க்கு ஏறியிருந்தது. உடம்பில் ஓர் அசைவு இல்லை. கட்டைவிரல் மட்டும் அடுத்த பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றது.

சரி, பயம் எப்படிக் காதலாகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பயத்தில் அடிக்கும் நெஞ்சும் ஆசையில் அடிக்கும் நெஞ்சும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடிக்கின்றன. எதனால் அடிக்கிறது என்று மூளை அக்கம்பக்கம் பார்த்துத்தான் பெயர் வைக்கிறது, சில நேரம் தப்பாகவும் வைத்துவிடுகிறது.

1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவின் வான்கூவர் அருகே காப்பிலானோ தொங்குபாலத்தில் இதைச் சோதித்தார்கள். நம் மெக்ரிட்சி காட்டுத் தொங்குபாலத்தில் நடந்தவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும், அதுவே அதிகபட்சம் 25 மீட்டர் உயரம்தான். காப்பிலானோ ஏறக்குறைய 70 மீட்டர். பாலத்தில் வந்த ஆண்களை ஓர் இளம்பெண் நிறுத்தி, ஒரு படத்தைக் காட்டி சின்னக் கதை எழுதச் சொல்லி, சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். தாழ்வான, ஆடாத இன்னொரு பாலத்தில் வாங்கிய 16 பேரில் 2 பேர்தான். ஆள் எண்ணிக்கை குறைவு, இந்த முடிவுக்கு வேறு விளக்கங்களும் வந்தன. ஆனால் அடுத்த ஆண்டே ஜோன் கேன்டர், டால்ஃப் ஸில்மன், ஜெனிங்ஸ் பிரையண்ட் மூவரும் செய்த சோதனை இன்னும் நுணுக்கமானது.

கல்லூரி மாணவர்களை உடற்பயிற்சி செய்யவைத்து, பிறகு ஆசையைத் தூண்டும் படக்காட்சிகளைக் காட்டினார்கள். பயிற்சி முடிந்த உடனே பார்த்தவர்களுக்குக் கூடுதல் கிளர்ச்சி இல்லை, ஏனென்றால் மூச்சு வாங்குவது எதனால் என்று அவர்களுக்கே தெரியும். உடம்பு முழுதாக அடங்கிய பிறகு பார்த்தவர்களுக்கும் இல்லை. நடுவில் ஒரு சமயம் இருக்கிறது: அடங்கிவிட்டது என்று ஆள் நினைக்கிறார், உடம்போ இன்னும் அடங்கவில்லை. அப்போது பார்த்தவர்களுக்குத்தான் படம் அதிகமாகப் பிடித்தது. யாரும் உரிமை கொண்டாடாத அந்த மிச்சப் படபடப்பு மொத்தமும் படத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது!

இப்போது நாவலுக்கு வாருங்கள். துரத்தல் முடிகிறது, கதவைத் தாழிடுகிறார்கள், இரண்டு பக்கம் அமைதியான பேச்சு, அப்புறம் அவன் கை நீள்கிறது. அந்த இரண்டு பக்கம்தான் மேலே சொன்ன நடுச்சமயம். துப்பறியும் கதையில் ஆபத்து ஒருவன், காதலன் இன்னொருவன். இங்கே கோரைப்பல்லும் அவனுக்கே, மென்மையான விரலும் அவனுக்கே. பாலமும் அந்தப் பெண்ணும் ஒரே ஆளாக வந்து நிற்பதுபோல. இப்படி இருக்கும்போது மூளை பெயரை மாற்றி வைப்பதில் என்ன ஆச்சரியம்?

வயதைப் பற்றி வாசகி வெட்கப்படுவதாகத் தெரிகிறது. வேண்டாம். நடுவயது தாண்டியவர்களுக்கு மற்ற பருவங்களைவிட 10 முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மகளுக்கு இந்தக் கதை வரப்போகும் ஒன்று, அம்மாவுக்கோ வந்துபோன ஒன்று. அம்மாவிடம்தான் சரக்கு அதிகம் என்பது என் கருத்து. தமிழில் திகில் படிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேனில் பார்க்க யாராவது நிதி கொடுத்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் படுத்துக்கொள்வேன். இதை வெட்டி ஆராய்ச்சி என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆவிகள் உலவுவதாக நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் இதைப் படித்தால் ஏதாவது கூடவே வந்துவிடும் என்று அலுவலகத் தோழி பயமுறுத்தினாராம். முன்னோருக்குப் படையல் வைப்பவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆனால் அதைச் சொல்லி ஒருவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவது தவறு. புத்தகத்திலிருந்து கூட வருவது அட்ரினலின் மட்டும்தான், அதுவும் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும்.

தூக்கத்துக்கு வருவோம். இந்த நாவல்களில் அத்தியாயம் பெரும்பாலும் படபடப்பின் உச்சியில்தான் முடியும், அங்கே மூடி வைத்துப் படுத்தால் புரண்டுகொண்டுதான் இருக்க வேண்டும். அத்தியாய முடிவில் நிறுத்தாதீர்கள். அடுத்ததில் நாலைந்து பக்கம் போய், கதவைத் தாழிட்டு, அவன் கையைத் தொட்டு, இருவரும் ஏதோ சாதாரணமாகப் பேச ஆரம்பித்த பிறகு விளக்கை அணையுங்கள்.